வெளிநாட்டு ஊழியப் பயணம்: முதன்முறை போகிறவர்கள் செய்ய வேண்டியவை

ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில், "வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கலாம்" என்று சொன்னவுடன் பலரும் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையை. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மை வரச் சொன்னது யார்?

வறுமையில் இருக்கும் ஒரு கிராமத்துக்கோ நகரத்துக் குடிசைப் பகுதிக்கோ நம் சபையிலிருந்து ஒரு குழு போகிறது என்றால், அங்கே ஏற்கெனவே ஒரு சபையோ தொண்டு அமைப்போ வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அவர்கள் நம்மை அழைத்திருக்க வேண்டும். எந்த வேலைக்கு, எத்தனை பேர், எந்த மாதத்தில் என்பதையும் அவர்களே சொல்லியிருக்க வேண்டும். "நாங்கள் வருகிறோம், ஏதாவது வேலை கொடுங்கள்" என்று எழுதினால் அந்த ஊர்ப் போதகர் மறுக்கமாட்டார். விருந்தினரை வேண்டாம் என்று சொல்வது அவருக்குக் கூச்சம். காணிக்கை நின்றுவிடுமோ என்ற கவலையும் இருக்கும். ஆகவே ஏதோ ஒரு சுவருக்கு மறுபடியும் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்துவிடுவார்.

பெயர் கொடுக்கும் முன் குழுத்தலைவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது யார்? இதை உள்ளூர் ஆட்களே கூலிக்குச் செய்ய முடியாதா? நாம் திரும்பிய பிறகு இதைத் தொடரப்போவது யார்? பதில்கள் மழுப்பலாக இருந்தால் பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்வியைக் குதர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கிய பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பல அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தன. அந்த நாட்டிலேயே வாழ்ந்துவந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பின்னர் அந்தக் குடும்பங்களைச் சந்தித்து ஆய்வு செய்தார். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. விமானப் பயணத்துக்குச் செலவான பணத்தில் இன்னும் எத்தனை வீடுகள் எழும்பியிருக்கும் என்ற கேள்வி அதன் பிறகு இந்த வட்டாரத்தில் ஓயவே இல்லை.

அதற்காகப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல் மருத்துவர், தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கத் தெரிந்தவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடியவர், சபைக் கணக்கை ஒழுங்காக எழுதக் கற்றுத்தரும் கணக்காளர் ஆகியோர் போனால் அங்கே தேங்கி நிற்கும் வேலை நடக்கும். கைத்தொழில் எதுவும் தெரியாதவர்களும் போகலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டு போக வேண்டும். காணிக்கை கேட்கும்போதும் அதையே சொல்லிக் கேட்க வேண்டும்.

குழுவைச் சேர்ப்பது

குழு சிறியதாக இருக்கட்டும். பத்துப் பேரைத் தாண்டினால் நமக்குச் சமைத்து, தண்ணீர் சுமந்து, படுக்கை போடுவதே அந்தச் சபைப் பெண்களின் முழுநேர வேலையாகிவிடும். தலைவர் ஒருவர், பணப்பை வைத்திருப்பவர் இன்னொருவர், மருந்துப் பெட்டியைக் கவனிப்பவர் மூன்றாமவர் என்று புறப்படும் முன்பே பிரித்துவிடுங்கள். தலைவரே பணமும் வைத்திருக்கும் ஏற்பாடு எவ்வளவு நல்ல மனிதரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

பிள்ளைகளோடு பழகப்போகிற ஒவ்வொருவரும் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவருக்கும் விலக்கு வேண்டாம். "என்னையே சந்தேகிக்கிறீர்களா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபம் சபை வளாகத்திலேயே வெளிப்பட்டது நல்லதுதான்.

ஆயத்தக் கூட்டங்களில் ஜெபத்தோடு அந்த நாட்டின் வரலாற்றையும் படியுங்கள். யார் ஆண்டார்கள், எந்தப் போர் நடந்தது, மண் யாருக்குச் சொந்தம், மக்கள் எதை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பவை தெரியாமல் போனால் வறுமையைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடுவோம். வணக்கம், நன்றி, தண்ணீர், வலிக்கிறதா, மன்னியுங்கள் ஆகியவற்றை அவர்கள் மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பாஸ்போர்ட், விசா, அனுமதிகள்

பயணம் முடிந்த பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசா விஷயத்தில்தான் சபைக் குழுக்கள் மெத்தனமாக இருக்கின்றன. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வதையும் மருத்துவ முகாம் நடத்துவதையும் பல நாடுகள் விசா மீறலாகவே பார்க்கின்றன. நேபாளத்தின் 2015 அரசியலமைப்புச் சட்டம் ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தவும் வழி செய்கிறது. நாம் விமானம் ஏறித் திரும்பிவிடலாம். விசாரணைக்கு அழைக்கப்படுகிறவர் நம்மை அழைத்த உள்ளூர்ப் போதகர். ஆகவே எந்த விசா என்பதை அவரிடமும் அந்நாட்டுத் தூதரகத்திடமும் கேட்டே முடிவு செய்யுங்கள். குடியேற்ற அதிகாரியிடம் பொய் சொல்ல வேண்டிய பயணம் ஊழியம் ஆகாது.

மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலிடம் தற்காலிக அனுமதி பெற வேண்டியிருக்கும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அவசர நேரத்தில் நோயாளியை வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். காகிதங்களின் நகலைக் குழுவில் இன்னொருவரிடமும் சபை அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.

உடல்நலம்

புறப்பட ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் தடுப்பூசிகள் பெரும்பாலும் பேச்சில் வரும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் போதும். மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரையைப் போகும் முன்பே தொடங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் மாத்திரையின் வகையைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். கொசுக்கடி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். மருந்துப் பெட்டிக்காரர் அவர்களை விடாமல் துரத்த வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். ஆப்பிரிக்காவின் பல ஏரிகளில் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் உண்டு. ஞானஸ்நான ஆராதனை ஏரிக்கரையில் நடக்கிறது என்றால் தண்ணீருக்குள் இறங்கும் முன் உள்ளூர் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் மறந்துபோவது சாலை. வெளிநாடு போகிறவர்களின் உயிரை வாங்குவதில் வாகன விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவுப் பயணம் வேண்டாம், லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டு பாட்டுப் பாடிப் போவதும் வேண்டாம். இருக்கைப் பட்டை இல்லாத வேன் வந்தால் வேறு வேன் கேட்க வேண்டியது தலைவரின் பொறுப்பு.

எதைக் கொண்டுபோவது

பெட்டியில் பாதி அன்பளிப்பாக இருக்க வேண்டும் என்று சபையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய துணி, பொம்மை, வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரை எல்லாம் சேர்ந்துவிடும். இதைக் கறாராக நிறுத்துங்கள். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது மருந்தும் மருத்துவப் பொருள்களுமாக 5,000 டன்னுக்குக் குறையாமல் வந்து குவிந்தது. என்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. அதில் பயன்பட்டது கொஞ்சம்தான். இத்தகைய அனுபவங்களைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கு நெறிமுறைகள் வகுத்தது. வாங்கும் நாடு கேட்டதை மட்டுமே கொடுக்க வேண்டும். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழியில் பெயர் அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு நோயாளிக்குக் கொடுத்து அவர் திருப்பித் தந்த மாத்திரை கூடவே கூடாது.

துணிமணி, நோட்டுப் புத்தகம், சிமெண்ட், மருந்து, எதுவானாலும் அங்கே கிடைக்கும் என்றால் அங்கேயே வாங்குங்கள். தெருமுனையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவருடைய பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு நாம் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பணம்

எருசலேம் சபையின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை சேர்த்த பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. ஒருவரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் இதை விளக்குகிறார். பணப்பை வைத்திருப்பவர் புறப்படும் முன் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. பெருந்தொகையை வங்கி வழியாக உள்ளூர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். அன்றாடச் செலவுக்கு எடுக்கும் ரொக்கத்தை அன்றிரவே இருவர் உட்கார்ந்து எண்ணி எழுதுங்கள். குழுவில் யாரும் தனியாக யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது. இதுதான் மிகவும் கடினமான விதி. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் ஒரு தாய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக் கட்டணச் சீட்டைக் காட்டுவார். சீட்டு உண்மையானது, தேவையும் உண்மையானது. ஆனால் அவருக்குக் கொடுத்து, அதே தெருவில் அதே நிலைமையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் வந்தால், நாம் போன பிறகு அந்தத் தெருவில் எழும் பேச்சைச் சமாளிக்க வேண்டியவர் போதகர். சீட்டின் விவரத்தைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே போதகரிடம் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை அங்குள்ள மூப்பர்கள் முடிவு செய்யட்டும். "அடுத்த ஆண்டு பார்க்கிறேன்" என்றும் சொல்லாதீர்கள். அதை நாம் மறந்துவிடுவோம், அவர்கள் மறக்கமாட்டார்கள்.

போய்ச் சேர்ந்தபின்

முதல் நாள் வேலையைத் தொடாதீர்கள். ஊரை நடந்து பாருங்கள், சபையாரின் வீடுகளில் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். உணவு ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துவிட வேண்டும். தட்டு முன்னால் வந்த பிறகு முகம் சுளிப்பது விருந்து கொடுத்தவரை அவமதிப்பது. உடை, காலணி, ஆண்களும் பெண்களும் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் அவர்கள் எப்படியோ நீங்களும் அப்படியே.

கட்டட வேலை என்றால் மேஸ்திரி அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். நாம் கல் சுமப்போம், கலவை போடுவோம். அவர் சொன்ன இடத்தில் கல்லை வைப்பது நம்மில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மருத்துவ முகாமைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அதிகத் தீங்கு நேரக்கூடிய இடம் அது. வரிசையில் வந்து உட்காரும் ஒரு பாட்டியின் ரத்த அழுத்தம் 180க்கு மேல். மாத்திரை மேசையில் 30 மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டு, காலையில் ஒன்று என்று சூரியன் படம் வரைந்து கொடுக்கிறோம். பாட்டி உறையை முந்தானையில் முடிந்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போகிறார். முப்பத்தோராம் நாள் அவருக்கு யார் மாத்திரை கொடுப்பார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் அந்த முகாமுக்கு அர்த்தமில்லை. எனவே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தோடு சேர்ந்தே முகாமை நடத்துங்கள். அவர்களுடைய பதிவேட்டில் எழுதுங்கள், அவர்களிடம் எப்போதும் இருக்கிற மருந்தையே கொடுங்கள். மேல் சிகிச்சைக்கு அனுப்பும் நோயாளிகளின் பட்டியலை அங்குள்ள செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நம் ஊரில் ஊசி போடும் தகுதி இல்லாதவருக்கு அங்கேயும் அந்தத் தகுதி இல்லை. பல்லைப் பிடுங்கிப் பார்க்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள் வரிசையை ஒழுங்குபடுத்தினால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் விதிகள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. குறைந்தது இருவர், அதுவும் மற்றவர்கள் பார்க்கும் இடத்தில். தொலைபேசி எண், சமூக வலைத்தளக் கணக்கு எதையும் பிள்ளைகளோடு பரிமாறிக்கொள்ளக் கூடாது. அனாதை இல்லங்களுக்குப் போய் இரண்டு நாள் விளையாடிவிட்டு வரும் நிகழ்ச்சியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பல நாடுகளில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால்தான் அங்கே விடப்பட்டிருக்கிறார்கள். வருகிறவர்களும் காணிக்கையும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகும், அவற்றை நிரப்பப் பிள்ளைகளும் தேடப்படுவார்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும் குடும்பத்தோடு வளர்வதற்கே முதலிடம் தந்தது.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்ததையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சபைகளிலிருந்து போன 10 பேர், முறையான ஆவணம் இல்லாமல் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அனாதைகள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் பலருக்கும் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது. இரக்கத்தில்தான் போனோம் என்றார்கள் அவர்கள். சட்டம் கேட்டது காகிதத்தை.

மொழிபெயர்ப்பாளரோடு பேசுவது

சாட்சி சொல்லவோ செய்தி கொடுக்கவோ அழைத்தால், பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் உங்கள் பங்கு ஏழு நிமிடம். மீதி மொழிபெயர்ப்பாளருக்கு. முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து முழுவதையும் சொல்லிக் காட்டுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினால் அவர் வினைச்சொல்லுக்காகக் காத்து நிற்பார். சிலேடை, நம் ஊர் அரசியல், சினிமா உதாரணம் எல்லாம் வேண்டாம். நகைச்சுவைக்குச் சபையே சிரித்தால் பெருமைப்பட்டுவிடாதீர்கள்; "விருந்தாளி ஒரு நகைச்சுவை சொன்னார், தயவுசெய்து சிரியுங்கள்" என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும்.

உணவுப் பொட்டலம் கொடுப்பதும் செய்தி சொல்வதும் ஒரே வரிசையில் நடக்கக் கூடாது. பசியோடு நிற்பவரிடம், முதலில் ஜெபம், பிறகு அரிசி என்று சொன்னால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதில் விசுவாசம் எவ்வளவு, பசி எவ்வளவு என்று நம்மால் பிரிக்க முடியாது. உதவியை மதம் பார்க்காமல் கொடுங்கள். ஆராதனைக்கு வர விரும்புகிறவர் தாமாகவே வருவார்.

புகைப்படம்

மூக்கொழுகும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாம் சிரிக்கும் படம் வேண்டாம். இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: உங்கள் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் அப்படிப் படமெடுத்துத் தம் நாட்டில் காட்டச் சம்மதிப்பீர்களா என்று பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டு, எங்கே காட்டப்போகிறோம் என்பதையும் சொல்லி எடுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். நோயாளிகளைப் படமெடுக்கவே கூடாது.

திரும்பிய பிறகு

ஒரு மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கு இரண்டு சபைகளுக்கும் போக வேண்டும். நம் சபைக்கு மட்டும் அறிக்கை வாசித்துவிட்டு அவர்களுக்கு அனுப்பாமல் விடுவது பொதுவாக நடக்கிற அநியாயம். அந்தப் போதகரிடம் எது உதவியாக இருந்தது, எது தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். நேரில் கேட்டால் எல்லாம் நன்றாக இருந்தது என்பார். மூன்று மாதம் கழித்து, இரு சபைக்கும் பொதுவான ஒருவர் வழியாகக் கேட்டால் கொஞ்சம் உண்மை வரும். அடுத்த குழு போவதா வேண்டாமா என்பதை அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யுங்கள்.

சபையில் அனுபவம் சொல்லும்போது "ஒன்றுமே இல்லாத மக்கள், ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்ற பேச்சைத் தவிருங்கள். அவர்களுக்குத் தண்ணீர் இல்லாததில் சந்தோஷம் ஏதும் இல்லை. கிணறு எத்தனை தொலைவு, பள்ளியில் எத்தனை ஆசிரியர், அங்குள்ள சபை தானாக என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, மருந்துப் பெட்டிக்காரருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் குழுவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய், எந்த நாட்டுக்குப் போயிருந்தோம் என்பதைக் கேட்காமலேயே சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். தடுப்பு மாத்திரை போட்டவர்களுக்கும் இது பொருந்தும். அந்த மூன்று மாதமும் எல்லோருடைய எண்ணும் அவரிடம் இருக்கட்டும்.